மோட்டார் வண்டியினுள் ஒலி: ஒலிபெருக்கியின் இடம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொருள்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். மோட்டார் வண்டியில் இசை கேட்கும் வழக்கத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. வால்வு வானொலி, திரான்சிற்றர் வானொலி, ஒலிநாடா, இறுவட்டு எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வரிசையே அவ்வரலாறு எனக் கொள்ளப்படுகின்றது. இவ்வரிசை பிழையானதன்று, ஆயினும் ஒரு வினாவுக்கு அது விடை தருவதில்லை. கருவி ஒவ்வொன்றும் தனக்கு முன்னையதிலும் சிறந்ததாயிருந்தும், வண்டியினுட் கேட்கும் ஒலியின் தரம் அதே அளவிற்கு ஏன் உயரவில்லை? ஒலிபெருக்கி எங்கே வைக்கப்பட்டது, அதன் பின்னாலுள்ள காற்று எவ்வாறு அடைக்கப்பட்டது, எந்த ஆசனத்தில் இருப்பவருக்காக அது அமைக்கப்பட்டது என்னும் மூன்றையும் நோக்காது இவ்வினாவுக்கு விடை காணல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினா என்னுள் எழுந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. கண்டியில் வாழும் எனது தாய்மாமனார் தமது பழைய யப்பானியக் காருக்கென விலையுயர்ந்த ஒலிபெருக்கிகள் நான்கினையும், அவற்றை இயக்கவல்ல விரியலாக்கி ஒன்றினையும் வாங்கிக் கடையிலேயே பொருத்துவித்தார். ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்குச் செலவாயிற்று. வண்டி வீடு வந்து சேர்ந்தபோது மிருதங்கத்தின் தொப்பி ஒலி அறவே கேட்கவில்லை. பாடகரின் குரலோ பின் ஆசனத்திலிருந்து வந்தது. மாமா கருவியைக் குறைகூறினார். கடைக்காரர் இதனிலும் பெரிய கருவி வேண்டும் என்றார். பொறியியற்பீட நண்பரொருவரை அழைத்துச் சென்று கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். வலப்புற ஒலிபெருக்கியின் கம்பிகள் இரண்டும் இடம்மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. கதவின் உட்தகட்டிலே கை நுழையுமளவு துளைகள் மூடப்படாது கிடந்தன. கம்பிகளை மாற்றி, துளைகளைத் தகட்டினாலும் ஒட்டுநாடாவினாலும் அடைத்த அன்று மாலையே தொப்பி கேட்டது. புதிதாக எதுவும் வாங்கப்படவில்லை. கலைப்பீட மாணவனொருவன் பௌதிகத்தின் வேலியைத் தாண்டி வந்தமைக்கு இதனை ஏதுவாகக் கொண்டு, விஞ்ஞானபீட நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

அக்கதவினுள் நாங்கள் கண்ட குறைபாடு புதியதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது அறியப்பட்டிருந்தது. காந்தப்புலத்தினுள்ளே ஒரு சுருளை அசையவிட்டு அதனால் ஒலியெழுப்பும் முறையை, தென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா சென்ற பீற்றர் ஜென்சனும் அவரது கூட்டாளியான எட்வின் பிரிட்ஹாமும் 1915ஆம் ஆண்டளவிற் கலிபோர்ணியாவில் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். எனினும் இன்று நாம் அறிந்த கூம்புவடிவ ஒலிபெருக்கிக்கு அடித்தளமிட்டோர் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் ஆகிய இருவருமாவர். 1925இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் மூலநூல் எனத் தக்கது. கூம்பு முன்னோக்கி அசையும்போது அதன் முன்னேயுள்ள காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்னேயுள்ள காற்று ஐதாகின்றது. இவ்விரு அலைகளும் விளிம்பைச் சுற்றிவந்து சந்திக்குமாயின் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளங் கூடிய தாழ்ந்த சுரங்களே இவ்வழிவுக்கு முதலில் இரையாகின்றன. எனவே ஒலிபெருக்கியைத் தனியே தொங்கவிடாது, முன்பின் அலைகளைப் பிரிக்கும் பலகையொன்றிற் பொருத்துதல் இன்றியமையாததாயிற்று. துளைகள் நிறைந்த கார்க்கதவு அத்தகைய பலகையின் பணியைச் செய்யாது. 1925இற் கூறப்பட்ட உண்மை கண்டியின் ஒரு கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

வண்டியினுள் வானொலி புகுந்த வரலாறு பலரும் அறிந்ததே. சிக்காகோவில் கல்வின் உற்பத்தி நிறுவனத்தை நடத்திவந்த போல் கல்வின், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த 1930இல், தமது சொந்தக் காரிற் பொருத்திய வானொலியை அற்லாண்டிக் சிற்றியில் நடைபெற்ற வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்று, மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி வருவோர்க்கெல்லாம் கேட்பித்தார். அவ்வானொலிக்கு இடப்பட்ட மொட்டொறோலா என்னும் பெயரே 1947இல் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. நூறு டொலருக்கு மேற்பட்ட அதன் விலையை, ஐந்நூறு டொலரளவில் ஒரு புதிய போட் கார் விற்கப்பட்டமையோடு ஒப்பிட்டு நோக்கின் அது எத்தகையோரின் பொருளாயிருந்தது என்பது புலப்படும். ஐரோப்பாவில் 1932இல் ஜேர்மனியின் பிளவ்புங்க் நிறுவனம் வெளியிட்ட கார் வானொலியும் இவ்வாறே செல்வர்க்குரியதாயிருந்தது.

அக்காலப் பொறியியலாளரின் கவனம் முழுவதும் இரு இடர்களிற் சென்றது. வால்வுகளுக்கு இருநூறு வோல்ற்றளவு தேவைப்பட, வண்டியின் பற்றரியோ 6 வோல்ற்றே தந்தது. முதலிலே தனிப்பட்ட உலர்பற்றரிகள் தரைக்கடியில் வைக்கப்பட்டன. பின்னர், மின்னோட்டத்தை வினாடிக்கு நூறு தடவையளவில் விட்டுவிட்டுப் பாயச்செய்யும் அதிரி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அச்சுமை நீங்கியது. எரிபற்றலின் தீப்பொறி வானொலியில் எழுப்பிய இரைச்சல் மற்றைய இடராகும். தடைகளாலும் கொள்ளளவிகளாலும் அதனை அடக்கினர். இவ்விரண்டிற்கும் விடைகண்டோர் ஒலிபெருக்கியின் இடத்தைப்பற்றி எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. இயந்திரத்தையும் பயணிகளையும் பிரிக்கும் சுவரிலே, கால்களுக்கு மேலே, எஞ்சிய இடத்தில் அது மாட்டப்பட்டது. பின்னர் டாஷ்போட்டின் நடுவே, முன்கண்ணாடியை நோக்கி மேன்முகமாக வைக்கப்பட்டது. இவ்விடங்கள் எவையும் காதை எண்ணித் தெரிவுசெய்யப்பட்டவையல்ல. இயந்திரத்துக்கும் கண்ணுக்கும் வேண்டியவை அமைந்தபின் மீந்த இடமே காதுக்கு வழங்கப்பட்டது.

இருப்பினும் இந்த ஒற்றை ஒலிபெருக்கிக் காலத்தை நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. செய்தி, பேச்சு, நடன இசை என்பவற்றைக் கேட்பதே அன்றைய நோக்கமாயிருந்தது. நடுவிலிருந்து வந்த ஒலி இடப்புறத்தாருக்கும் வலப்புறத்தாருக்கும் ஒரே தன்மையதாய் அமைந்தது. எவரும் சிறந்த ஒலியைப் பெறவில்லை. எவரும் மற்றவரிலும் குறைந்த ஒலியைப் பெறவுமில்லை. இச்சமத்துவம் பின்னர் என்னவாயிற்று என்பதைக் காண்போம்.

1950களிற் கருவிகள் விரைந்து மாறின. பிளவ்புங்க் 1952இற் பண்பலை வாங்கியைக் காருக்குக் கொணர்ந்தது. முற்றிலும் திரான்சிற்றர்களாலாகிய கார் வானொலியைக் கிறைஸ்லர் நிறுவனம் 1955இன் பிற்பகுதியில் அறிமுகஞ் செய்தது. அதே நிறுவனம் 1956ஆம் ஆண்டுக் கார்களில், டாஷ்போட்டின் கீழே இசைத்தட்டுச் சுழற்றியொன்றையும் வைத்தது! நீண்டநேர இசைத்தட்டை உருவாக்கியோருள் முதன்மையாக எண்ணப்படும் பீற்றர் கோல்ட்மார்க் அதனை வடிவமைத்தார். நிமிடத்துக்கு 16 2/3 தடவை சுழலும் தனிவகைத் தட்டுகள் அதற்கு வேண்டியிருந்தன. ஓரிரு ஆண்டுகளிலே அது வழக்கொழிந்தது. குலுங்கும் வண்டியில் ஊசியைத் தட்டின்மேல் நிறுத்திய திறமை வியக்கத்தக்கதே. ஆயின் அத்திறமையின் பயன் முழுவதும் டாஷ்போட்டில் இருந்த அதே பழைய ஒலிபெருக்கியின் வழியே வந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பொருள்களின் வரலாறு இந்நிகழ்ச்சியை ஒரு சாதனையாகப் பதிவுசெய்யும். இடத்தின் வரலாற்றில் அது ஒரு மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை.

உண்மையான முறிவு இரட்டைத்தட ஒலியாகிய ஸ்ரீரியோவுடன் வந்தது. இதன் கோட்பாட்டை வகுத்தவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் பிளம்லைன் ஆவார். திரைப்படக் கொட்டகையிலே நடிகர் திரையின் ஒருபுறம் நிற்க அவரது குரல் வேறிடத்திலிருந்து வருவதைக் கண்டு அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார் எனக் கூறப்படுகின்றது. 1931இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல், றேடார்ப் பரிசோதனைப் பறப்பொன்றில் நேர்ந்த விமான விபத்தில், முப்பத்தெட்டு வயதில் மாண்டார். இரு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, இரண்டிலுமிருந்து சமதூரத்தில் அமர்ந்திருப்பவருக்கு, பாடகர் அவ்விரண்டுக்கும் நடுவில் வெற்றிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் என்பதே இம்முறையின் உயிர்நிலை. 1961இல் ஐக்கிய அமெரிக்காவில் ஸ்ரீரியோப் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கியது. 1962இல், முன்னர் பழைய கார்களையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஆரவாரத்துடன் விற்றுப் பெயர்பெற்ற ஏர்ல் மன்ட்ஸ் என்பார் நான்குதட ஒலிநாடாப் பெட்டியைக் கலிபோர்ணியாவின் கார்களுக்கு விற்கலானார். எட்டுத்தட நாடாவை வில்லியம் லியர் உருவாக்க, போட் நிறுவனம் 1966ஆம் ஆண்டுக் கார்களில் அதனை அளித்தது. இந்த லியர் 1930இற் கல்வினுடன் பணியாற்றியவர். சிறு ஜெற் விமானங்களுக்குத் தம் பெயரை வழங்கியவரும் இவரே. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசற் நாடா காலப்போக்கில் இவையிரண்டையும் பின்தள்ளியது.

சமதூரம் என்னும் நிபந்தனையைக் கார் எவ்வாறு நிறைவேற்றும்? இங்கே சிறு கணிப்பு வேண்டியதாகின்றது. எமது நாட்டுக் கார்களிற் சாரதி வலப்புறம் இருப்பவர். வலக்கதவின் ஒலிபெருக்கி அவரது தலையிலிருந்து 95 சென்ரிமீற்றர் தொலைவிலும் இடக்கதவினது 145 சென்ரிமீற்றர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்லும். ஆகவே வலப்புற ஒலி, இடப்புற ஒலியிலும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிசெக்கன் முந்தி அவரை அடைகின்றது. கண்ணிமைப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. காதுக்கோ இது பெரிது. ஒலி வரும் திசையை இரு காதுகளுக்குமிடையிலான நேர வேறுபாட்டினாலும் செறிவு வேறுபாட்டினாலும் அறிகின்றோம் என்பதை 1907இல் றேலிப் பிரபு விளக்கியிருந்தார். இரு இடங்களிலிருந்து ஒரே ஒலி சிறு இடைவெளியில் வந்தால், முந்தி வந்த இடத்திலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது கொள்ளும் என்பது 1949இல் ஹெல்மூற் ஹாஸ் முதலியோரின் பரிசோதனைகளால் உறுதிப்பட்டது. நடுவே நிற்கவேண்டிய பாடகர் சாரதியின் வலக்கதவுக்குள் ஒடுங்குவது இதனாலேயாகும்.

இன்னுமொரு கேடும் உண்டு. இரு பாதைகளுக்குமிடையே உள்ள 50 சென்ரிமீற்றர் வேறுபாடு 343 ஹேர்ட்ஸ் மீடிறனின் அலைநீளத்தில் அரைப்பங்காகும். அம்மீடிறனில் இரு ஒலிபெருக்கிகளின் அலைகளும் எதிர் அவத்தையிற் சந்தித்து ஒன்றையொன்று நலியச்செய்கின்றன. அது மனிதக் குரலின் உடல் எனத்தக்க பகுதியைச் சேர்ந்த மீடிறன். காரிற் கேட்கும் குரல் மெலிந்து தோன்றுவதற்கு ஒலிபெருக்கியின் விலையைக் காரணங்காட்டுவோர் இவ்வெளிய கணிப்பைச் செய்துபார்ப்பதில்லை.

1970கள் வணிகத்தின் பத்தாண்டுகள் எனலாம். கார் உற்பத்தியாளர் தந்ததைக் கழற்றிவிட்டுத் தாமாகவே பொருத்தும் வழக்கம் அமெரிக்க இளைஞரிடையே பரவியது. யப்பானிய நிறுவனங்கள் அச்சந்தையை நிரப்பின. தாழ்சுரக் கூம்பின் நடுவிலேயே உயர்சுர ஒலிபெருக்கியாகிய ருவீற்றரைத் தாங்கிய ஓரச்சு ஒலிபெருக்கிகள் பெருகின. முட்டைவடிவான 6க்கு 9 அங்குல ஒலிபெருக்கிகள் பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டில் இடம்பெற்றன. அவ்விடம் ஏன் தெரிவாயிற்று? வெட்டுவதற்கு இலகுவான தட்டு ஆயத்தமாயிருந்தது. அதன் கீழிருந்த பொதியறை முன்பின் அலைகளைப் பிரிக்கும் பெரும் பெட்டியாகப் பயன்பட்டது. ஆதலாலே தாழ்ந்த சுரங்கள் கதவிலிருந்து வருவனவற்றிலும் நிறைவாகக் கேட்டன. இசைக்குழு முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருப்பதைப் பற்றி எவரும் கவலைப்பட்டிலர். எந்தக் கச்சேரியிலும் நாம் வித்துவானுக்கு முதுகுகாட்டி அமர்வதில்லை. காரில் மட்டும் அது இயல்பாகிவிட்டது.

இதே காலத்தில் வணிகர்கள் வலுவைப் பற்றி வளர்த்த மயக்கமும் குறிப்பிடத்தக்கது. இயந்திரம் ஓடும்போது காரின் மின்தொகுதி தருவது 14.4 வோல்ற்றளவே. எளிய விரியலாக்கி இவ்வோல்ற்றளவைக்கொண்டு 8 ஓம் தடையுள்ள வீட்டு ஒலிபெருக்கிக்கு 3 வாற்றுக்குச் சற்று மேலேயே தரவியலும். 4 ஓம் ஆயின் 6 1/2 வாற்று. கார் ஒலிபெருக்கிகள் 4 ஓம் அளவில் அமைந்தமைக்கு இதுவே காரணம். இரு விரியலாக்கிகளைப் பாலம்போல இணைத்தால் கோட்பாட்டளவில் 26 வாற்று கிடைக்கும். நடைமுறையில் அதனிலுங் குறைவு. பெட்டியின்மேல் ஐம்பது வாற்று என அச்சிட்டிருப்பினும் பற்றரி அதனை அறியாது. மேலதிக வலுவுக்கு வோல்ற்றளவை உயர்த்தும் மின்சுற்றோடு கூடிய தனி விரியலாக்கி வேண்டும். வேண்டும் என்பது மெய். ஆயின் வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 தெசிபெல்லே உயரும், காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்துமடங்கு வலு வேண்டும் என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று. கதவின் துளையினால் இழக்கப்படும் தாழ்சுரத்தை வலுவினால் மீட்க முயல்வது ஓட்டைக்குடத்துக்கு நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

சந்தையின் ஆரவாரத்துக்கு அப்பால், அடைப்பின் விஞ்ஞானம் அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1954இல் அமெரிக்காவின் எட்கார் வில்ச்சர், மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறு ஒலிபெருக்கியிலிருந்தும் ஆழ்ந்த சுரத்தைப் பெறலாம் எனக் காட்டினார். 1961இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் துளையிட்ட பெட்டிகளைக் கணிப்பதற்கான முறையை வெளியிட்டார். சிட்னியில் அதனைத் தொடர்ந்த றிச்சாட் ஸ்மோல் 1970களின் முற்பகுதியில் அதனை முழுமையாக்கினார். கூம்பின் நிறை, தாங்கியின் இறுக்கம், காந்தத்தின் வலிமை ஆகியவற்றிலிருந்து, எவ்வளவு காற்றில் எவ்வொலி பிறக்கும் என்பதை ஒரு பலகையையும் அறுக்காது முன்கூட்டியே கணிக்க இயன்றது. தச்சன் அனுமானித்துச் செய்துவந்த வேலை கணிதமாயிற்று. கார்த்துறை இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது எனது கணிப்பு. வீட்டுப்பெட்டிக்கெனப் பிறந்த அறிவு, கதவும் பொதியறையும் ஒருவகைப் பெட்டியே என்னும் எண்ணமாக மாறுவதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

அம்மாற்றத்தின் தெளிவான அடையாளம் 1982இல் தோன்றியது. மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பேராசிரியரும், வங்காளத்திலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஒருவரின் மகனுமாகிய அமர் போஸ், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஒலித்தொகுதி 1983ஆம் ஆண்டுக்குரிய கடிலாக், பியூயிக், ஓல்ட்ஸ்மொபில் கார்கள் சிலவற்றில் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனித்தனி அடைப்பும் விரியலாக்கியும் இருந்தன. இதனிலும் முக்கியமானது, ஒவ்வொரு கார் வகையின் உள்வடிவத்தையும் அளந்து அதற்கேற்ப மீடிறன்களின் ஏற்றத்தாழ்வு திருத்தப்பட்டமையாகும். மெத்தையிட்ட ஆசனம் உயர்சுரத்தை விழுங்குவதும், கண்ணாடி அதனைத் தெறிக்கச்செய்வதும், சிறிய அறையின் பரிவு சில சுரங்களை வீங்கச்செய்வதும் அளக்கப்படத்தக்க உண்மைகளாக ஏற்கப்பட்டன. ஒலிபெருக்கியை வாங்கிக் காருக்குட் புகுத்துவது என்னும் நிலையிலிருந்து, காரையே கருவியின் ஒரு பகுதியாகக் கொள்ளும் நிலைக்கு இத்துறை வந்தது. அத்தொகுதியின் ஒலியைப் பற்றி விமரிசகர்கள் பலவாறு கூறினர். அது வேறு விடயம். 1984இல் யப்பானியர் இறுவட்டினைக் காருக்குக் கொணர்ந்தபோது எழுந்த ஆரவாரத்தோடு ஒப்பிடின், ஒலித்தரத்துக்கு இம்மாற்றமே கூடுதலான பங்களிப்பைச் செய்தது என்பேன். இறுவட்டின் 96 தெசிபெல் வீச்சு, வீதியின் இரைச்சலினுள் பெரும்பாலும் மூழ்கிவிடுகின்றது.

வீதியிரைச்சல் தாழ்சுரங்களையே முதலில் மறைக்கும். மெல்லிய ஒலியில் தாழ்சுரத்தைக் காது குறைவாகவே உணரும் என்பதை 1933இல் பிளெற்சர், மன்சன் ஆகியோர் அளந்து காட்டியிருந்தனர். இவ்விரு குறைபாடுகளுக்கும் கார் தானே ஓரளவு ஈடுசெய்கின்றது என்பது இவ்வரலாற்றில் ஓர் இனிய முரண். அறையின் நீளத்துக்கு இருமடங்கான அலைநீளத்துக்குரிய மீடிறனுக்குக் கீழே, அதாவது இரண்டரை மீற்றர் நீளமான உள்ளறையில் ஏறத்தாழ 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே, ஒலி அலையாகப் பரவாது அறை முழுவதன் காற்றழுத்தத்தையும் ஒருங்கே ஏற்றி இறக்கத் தொடங்குகின்றது. எனவே வீட்டில் இயலாத ஆழத்தைச் சிறியதொரு சப்வூபர் காரில் எய்திவிடும். பொதியறையைப் பெரும் பெட்டிகளால் நிரப்புவோர் பெரும்பாலும் அயலவரின் யன்னல்களுக்காகவே அவ்வாறு செய்கின்றனர்.

1980களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஒலித்தரப் போட்டிகள் தோன்றின. நடுவர்கள் ஆசனத்தில் அமர்ந்து, பாடகர் எங்கே நிற்கிறார், மேடை எவ்வளவு அகலம், கண்மட்டத்தில் ஒலிக்கிறதா என மதிப்பிட்டனர். பரிசுக்காக உழைத்தோர் பின்தட்டைக் கைவிட்டனர். ஒலிபெருக்கிகளைக் கதவுக்கு முன்னே, பாதங்களின் பக்கச்சுவரிலே மிகத் தொலைவில் வைத்தால் இடவலப் பாதைகளின் விகிதம் குறையும் என்பதைக் கண்டறிந்தனர். தாழ்சுரக் கூம்பையும் ருவீற்றரையும் தனித்தனியே பிரித்து வைக்கலாயினர். இதற்கும் காரணம் உண்டு. 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கூம்பு 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே ஒலியை எல்லாத் திசைக்கும் பரப்பாது, தனக்கு நேரெதிரே குவிக்கின்றது. கதவின் அடியிலிருந்து குவியும் அவ்வொலியை முழங்கால்களே கேட்கின்றன. ருவீற்றரைக் கண்ணாடித் தூணின் அடிக்கு உயர்த்தி, 3000 ஹேர்ட்ஸ் அளவில் வேலையைப் பிரித்தளித்தால் மேடை டாஷ்போட்டுக்கு மேலே எழுகின்றது.

1990களிலிருந்து எண்முறைச் சைகைச் செயன்முறை இவ்வுழைப்பின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. இடத்தை மாற்றவியலாவிடின் நேரத்தை மாற்றலாம். அண்மையிலுள்ள ஒலிபெருக்கியின் சைகையை ஒன்றரை மில்லிசெக்கன் தாமதித்து விட்டால், அது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தொலைவிலுள்ளதைப் போல ஒலிக்கும். பாடகர் சாரதியின் முன்னே வந்து நிற்பார். பிளம்லைன் எதிர்பார்த்த சமதூரம், வண்டியில் இல்லாதபோதும், கணிதத்தில் உண்டாக்கப்பட்டது. ஆனால் இத்திருத்தம் ஒரே தலைக்குரியது. இடப்புறம் அமர்ந்திருப்பவருக்கு இடக்கதவு ஏற்கனவே ஒன்றரை மில்லிசெக்கன் முந்தியது. வலப்புறம் மேலும் ஒன்றரை மில்லிசெக்கன் தாமதமாக, வேறுபாடு மூன்றாகின்றது. சாரதியின் ஒலி திருந்தியவளவுக்கு அயலவரின் ஒலி கெடுகின்றது. ஒற்றை ஒலிபெருக்கியின் காலத்து ஏழைமைச் சமத்துவம் இங்கே முற்றாக மறைகின்றது. வானொலி கேட்கும் குடும்பத்தைத் தாங்கிய வண்டி, தனியொருவன் பணிக்குச் சென்று திரும்பும் வண்டியாக மாறியமையுடன் இணைத்தே இதனை நோக்கவேண்டும். செயன்முறைக் கருவியை விளம்பரஞ் செய்வோர் இவ்விலையைச் சொல்வதில்லை.

மாமாவின் கார் விடயத்துக்கு மீள்வோம். கதவுகளை அடைத்து, அதிரும் தகட்டில் தார்த்தகடு ஒட்டிய பின்னர், பின் ஒலிபெருக்கிகளின் மட்டத்தை மிகக் குறைத்தோம். பின்னால் எவரும் இல்லாதபோது அவை தேவையில்லை. முன்னாலிருந்த ஓரச்சு ஒலிபெருக்கிகளைக் கூம்பும் ருவீற்றருமாகப் பிரிந்த சோடியொன்றுக்கு மாற்றினோம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதைச் சிறிய சப்வூபர் ஒன்றிடம் விட்டமையால் கதவுகள் இளைப்பாறின. விரியலாக்கி முன்னையதே. இறுதியில் நண்பர் தாமதத்தைச் சாரதிக்கெனக் கணித்து அமைத்தார். மாமா கண்களை மூடி வெகுநேரம் இருந்தார். பாடகி நேரே முன்னால், கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறாள் என்றார்.

அடுத்த நாள் மாமி முன் ஆசனத்தில் ஏறிக் கண்டியிலிருந்து மாத்தளைவரை சென்றார். பாட்டு முழுவதும் தமது கதவிலிருந்தே வருகிறதென்றும், முன்னர் இருந்ததே நல்லதென்றும் அவர் கூறினார். கணிப்பின்படி அவர் கூறியது சரியே. இப்பொழுது அக்கருவியில் இரு அமைப்புகள் பதிந்துள்ளன. ஒன்றில் தாமதம் உண்டு, மற்றையதில் இல்லை. மாமா தனியே செல்லும்போது முதலாவதையும், மாமி ஏறும்போது இரண்டாவதையும் அழுத்துகின்றார். சில வேளைகளில் மறந்துவிடுகின்றார் என்பது மாமியின் குற்றச்சாட்டு.